பழைய விமான எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது: எந்தப் பாகம் பொருந்தும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து வாசிப்பவர்களுக்கும் உதவும். உங்களிடம் ஒரு பழைய சிறு விமானம் இருக்கிறது. அதில் லைகமிங் நிறுவனத்தின் ஓ-320 எஞ்சின், 150 குதிரைத்திறன். ஓடிய நேரம் 2000 மணியைத் தாண்டிவிட்டது, எண்ணெய் வடிகட்டியில் இரும்புத் துகள் வருகிறது. ஓவர்ஹால் (எஞ்சினை முழுவதும் பிரித்துப் பழுதுபார்த்துக் கட்டுவது) பட்டறை கேட்ட தொகை விமானத்தின் விலையை நெருங்குகிறது. உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவர் மேற்பார்வை பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். வேறு எஞ்சின்களின் பாகங்களை மலிவாக வாங்கிச் சேர்த்துக் கட்ட முடியுமா, எதிலிருந்து எது பொருந்தும், எங்கே தேடுவது என்று கேட்கிறீர்கள்.

முடியும். நானும் அப்படித்தான் என் முதல் எஞ்சினைக் கட்டினேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே இரண்டு சிலிண்டர்கள் வாங்கிவிட்டதாக எழுதியிருப்பதுதான் கவலையாக இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து, கழுவி, அளவெடுத்து முடிக்கும்வரை ஒரு வாஷர்கூட வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் பாகங்களில் எல்லாவற்றையும்விட மலிவானது உங்கள் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. அது இன்னும் பயன்படுமா என்பதை மைக்ரோமீட்டர்தான் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால், உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். “ஓ-320” என்பது ஒரு குடும்பப் பெயர் மட்டுமே. எஞ்சின் தட்டில் அதற்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும்தான் உண்மையான பெயர். ஓ-320-ஈ2டி ஒன்று, ஓ-320-எச்2ஏடி முற்றிலும் வேறொன்று. இரண்டாவது எஞ்சின் 1977 முதல் 1980 வரை செஸ்னா 172-இல் வந்தது. அதன் கிராங்க்கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு), டாப்பெட் (வால்வைத் தள்ளிவிடும் சிறு பாகம்), மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) எல்லாமே மற்ற ஓ-320-களிலிருந்து விலகி நிற்பவை. இரண்டு தனி மேக்னெட்டோவுக்குப் பதில் ஒரே உறைக்குள் இரட்டை மேக்னெட்டோ. “ஓ-320 பாகங்கள், மொத்தமாகக் கொடுக்கிறேன்” என்று யாராவது விற்றால், முதல் கேள்வியாக அது எச்2ஏடியா என்று கேளுங்கள். விலை குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும்.

அடுத்த பிரிவினை இன்னும் நுணுக்கமானது. பழைய லைகமிங் எஞ்சின்களில் சிலிண்டரின் அடி விளிம்பு குறுகலானது. அதன் மேல் தனியாக ஒரு அழுத்துத் தட்டு வைத்து, உட்புறக் குழிவுள்ள நட்டுகளால் இறுக்குவார்கள். பின்னாளில் வந்தவற்றில் விளிம்பு அகலம், தட்டு கிடையாது, சாதாரண ஆறுமுக நட்டுகள் நேரடியாக விளிம்பில் உட்காரும். இதைக் குறுகிய தளம், அகன்ற தளம் என்று பிரித்துச் சொல்வோம். அகன்ற தள எஞ்சினின் வரிசை எண் “ஏ” என்ற எழுத்தில் முடியும். ஒன்றின் சிலிண்டர் மற்றதன் கிராங்க்கேஸில் உட்காராது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விபத்தில் சிக்கிய ஒரு விமானத்திலிருந்து நான்கு சிலிண்டர்களை, ஏறக்குறைய புதியவை, பாதிக்கும் குறைவான விலையில் வாங்கினேன். இரண்டு வாரம் அந்தச் சந்தோஷத்தில் தூங்கினேன். கிராங்க்கேஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் விளிம்பைக் கவனித்தேன். என் கிராங்க்கேஸ் குறுகிய தளம். விற்றவரைக் குறை சொல்ல முடியாது, அவர் எண்ணை ஒழுங்காக எழுதித்தான் அனுப்பியிருந்தார். நான்தான் பார்க்கவில்லை. அந்த நான்கையும் வேறொருவரிடம் தள்ளிவிட ஒன்றரை வருடம் ஆனது.

ஆகவே முதல் நாள் வேலை இது: எஞ்சின் தட்டு, அந்த மாடலின் வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கு அரசு தரும் அங்கீகாரம்) தரவுத் தாள், உற்பத்தியாளரின் படத்துடன் கூடிய பாகப் பட்டியல், ஓவர்ஹால் கையேடு, அளவு வரம்பு அட்டவணை ஆகிய ஐந்தையும் மேசையில் வையுங்கள். ஓ-320-இன் தரவுத் தாள் எண் ஈ-274. இது இலவசமாகவே கிடைக்கும். பொருத்தம் என்பதைக் கண்ணாலோ துளை அளவாலோ முடிவு செய்யக் கூடாது. ஓ-320, ஓ-360 இரண்டுக்கும் சிலிண்டர் துளை 5.125 அங்குலம்தான். ஆனால் முன்னதன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.875 அங்குலம், பின்னதன் ஸ்ட்ரோக் 4.375. துளை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றாகிவிடாது.

கான்டினென்டல் நிறுவன எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. சி-75, சி-85, சி-90, ஓ-200 எல்லாவற்றுக்கும் துளை 4.0625 அங்குலம், சிலிண்டர்கள் பெரும்பாலும் பொதுவானவை. ஸ்ட்ரோக் மட்டும் சி-85 வரை 3.625, சி-90 முதல் 3.875. ஓ-200-இன் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராட், பிஸ்டன் மூன்றையும் சி-85-க்குள் வைப்பதற்கு முறையான துணை வகைச் சான்றிதழே (அப்படி மாற்றுவதற்கான அரசு அங்கீகாரம்) இருக்கிறது. சி-85 கிராங்க் ஷாஃப்ட் தேடி அலுத்தவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போலத் தோன்றும் ஏ-65-இன் துளை 3.875. அந்தச் சிலிண்டர் இந்தக் குடும்பத்தோடு ஒட்டாது.

இப்போது உங்கள் இரும்புத் துகளுக்கு வருகிறேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் லைகமிங்கில் காந்தத்தில் ஒட்டும் துகள் வந்தால் என் சந்தேகம் முதலில், வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேம் ஷாஃப்ட்டின் மேல்தான் விழும். இந்த எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் மாதக்கணக்கில் சும்மா நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், மேலே இருப்பது வறண்டு துருப்பிடிக்கும். பிறகு ஓட்டும்போது டாப்பெட்டின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்து கேமின் மேட்டையும் அரித்துவிடும். கான்டினென்டல் ஓ-200-இல் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. லைகமிங்கில் கேமை எடுக்க கிராங்க்கேஸைப் பிளக்காமல் வழியில்லை. எனவே நீங்கள் எப்படியும் முழுவதும் பிரிக்கத்தான் போகிறீர்கள்.

கேம் கெட்டிருந்தால் இரண்டு வழி. புதியது வாங்கலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற பட்டறையில் மறுசாணை பிடித்த கேம் வாங்கலாம். மறுசாணை கேமைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். முறையாகச் செய்யப்பட்டிருந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, நானே இரண்டு எஞ்சின்களில் போட்டிருக்கிறேன். ஆனால் டாப்பெட்டுகள் எட்டும் புதியதாகவோ அதே தரத்தில் சாணை பிடித்ததாகவோ இருக்க வேண்டும். பழைய டாப்பெட்டைப் புதிய கேமின் மேல் வைப்பது காசைக் கரியாக்குவது. இன்னொன்று: 2005 வாக்கில் லைகமிங் உருளை டாப்பெட்டுகளைக் கொண்டுவந்தது. அவை நல்லவைதான், ஆனால் அவற்றுக்கான கிராங்க்கேஸ் வேறு. உங்கள் பழைய கேஸுக்குள் அவை வராது.

பிரித்த பிறகு அளவெடுக்கும்போது அட்டவணையில் இரண்டு பத்திகள் இருப்பதைக் காண்பீர்கள். ஒன்று புதிய பாகத்துக்கான அளவு, மற்றது பயன்பாட்டில் அனுமதிக்கப்படும் தேய்மான வரம்பு. அமெரிக்க விதிகளின்படி “ஓவர்ஹால்” என்பது பிரித்து, சுத்தம் செய்து, ஆய்வு செய்து, தேவையானதைப் பழுதுபார்த்து, மறுபடி சேர்த்துச் சோதிப்பது. அதற்கு இரண்டாவது பத்தி போதும். “ரீபில்ட்” என்பது புதிய அளவுக்குக் கொண்டுவருவது, அதைச் செய்து மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கும் உரிமை உற்பத்தியாளருக்கும் அவர் அங்கீகரித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. சிக்கனத்தின் வாசல் இந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில் இருக்கிறது. பட்டறைகள் பெரும்பாலும் புதிய அளவுக்கே கட்டும், அவர்களுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டிய கட்டாயம். நீங்கள் ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் பறப்பவராக இருந்தால் வரம்புக்குள் இருக்கும் கியரையும் ராக்கரையும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) மாற்றத் தேவையில்லை. வரம்பின் விளிம்பில் இருப்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இன்று வரம்புக்குள் இருப்பது 500 மணியில் வெளியே போய்விடலாம்.

அதே சமயம், அளவு என்னவாக இருந்தாலும் கட்டாயம் மாற்ற வேண்டியவை உண்டு. லைகமிங்கின் சேவை அறிவிப்பு 240 அதைப் பட்டியலிடுகிறது: மெயின் பேரிங், ராட் பேரிங், கனெக்டிங் ராட் போல்ட்டும் நட்டும், பிஸ்டன் வளையங்கள், எக்ஸாஸ்ட் வால்வுகள், பூட்டுத் தகடுகள், ஆயில் சீல், கேஸ்கட். பழைய ராட் போல்ட் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். அது ஒருமுறை இழுபட்டுவிட்டது, அவ்வளவுதான். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவரோடு நான் பறக்க மாட்டேன்.

இந்தச் செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அசல் உற்பத்தியாளர் அல்லாத நிறுவனங்கள், அரசு விமானப் போக்குவரத்து அமைப்பின் அங்கீகாரத்தோடு தயாரிக்கும் மாற்றுப் பாகங்கள். இந்த அங்கீகாரத்தைப் பி.எம்.ஏ. என்பார்கள். சுப்பீரியர் நிறுவனத்தின் பாக எண்கள் லைகமிங் எஞ்சின்களுக்கு “எஸ்எல்” என்றும் கான்டினென்டலுக்கு “எஸ்ஏ” என்றும் தொடங்கும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் அசல் பாக எண்ணே இருக்கும் என்பதால் ஒப்பிடுவது எளிது. இசிஐ என்ற இன்னொரு நிறுவனத்தின் லைகமிங் பாகங்கள் “ஏஈஎல்” என்று தொடங்கின. 2015-இல் அந்த நிறுவனத்தைக் கான்டினென்டல் வாங்கிக்கொண்டது. இவை போலிகள் அல்ல, சட்டப்படி அசலுக்குச் சமம். ஆனாலும் ஒவ்வொரு எண்ணையும் பறக்கும் தகுதி ஆணைகளோடு (பாதுகாப்புக்காக அரசு கட்டாயமாக்கும் ஆணைகள், மெக்கானிக்குகள் ஏ.டி. என்பார்கள்) ஒப்பிட்டுப் பாருங்கள். சில இசிஐ சிலிண்டர்களுக்கு அப்படிப்பட்ட ஆணைகள் வந்திருக்கின்றன. அசல் பாகங்களும் இதிலிருந்து தப்பியதில்லை. லைகமிங்கின் பழைய எண்ணெய் பம்புகளில் இருந்த அலுமினியப் பல்சக்கரங்களை மாற்றச் சொல்லி 1996-இல் ஒரு ஆணை வந்தது. பழைய கையிருப்பில் அந்தப் பம்புகளை இன்னும் பார்க்க முடியும்.

சாதாரண நட்டு, போல்ட், வாஷர்களில் ஏஎன், எம்எஸ், என்ஏஎஸ் என்ற தர எண் கொண்டவற்றை எந்த விமான உதிரிபாகக் கடையிலும் வாங்கலாம், எஞ்சின் உற்பத்தியாளரின் பொட்டலத்தில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. விலையில் வித்தியாசம் கண்ணைக் கட்டும். அமெரிக்க விதிகளில் உரிமையாளரே தன் விமானத்துக்குப் பாகம் தயாரித்துக்கொள்ளவும் இடம் உண்டு. வடிவம், மூலப்பொருள், தரச் சோதனை போன்றவற்றில் அவர் உண்மையாகவே பங்கெடுத்திருக்க வேண்டும். தடுப்புத் தகடு, புஷிங், குழாய் மாதிரியான எளிய பொருள்களுக்கு இது உதவும். கிராங்க் ஷாஃப்டுக்கு இதை யோசிக்காதீர்கள். உங்கள் நாட்டு விதி என்ன சொல்கிறது என்பதை மேற்பார்வை மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கடைசியில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.

விமானம் சுயமாகக் கட்டிய வகையில் பதிவாகியிருந்தால் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். ஒரு காலத்தில் தரையில் நிற்கும் மின்னாக்கிகளுக்காகத் தயாரான ஓ-290-ஜி எஞ்சின்களை வாங்கி எத்தனையோ பேர் தங்கள் விமானங்களில் பொருத்திப் பறந்தார்கள். அதற்கு வகைச் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் பெற்ற விமானத்தில் அது செல்லாது. காகிதம் தளர்ந்தாலும் உலோகம் தளராது என்பதை மட்டும் அவர்கள் மறக்கவில்லை.

எங்கே தேடுவது? என் அனுபவத்தில் தனித்தனிப் பாகமாக வாங்குவதைவிட, உங்களுடைய அதே மாடலில் மணிக்கணக்கு தீர்ந்து ஓவர்ஹாலுக்கு வந்துவிட்ட முழு எஞ்சின் ஒன்றை வாங்குவது மலிவு. வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விற்றால் பாதிப் பணம் திரும்பிவரும். பெரிய எஞ்சினுக்கு மாறுபவர்கள் பழையதை ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். ஓவர்ஹால் பட்டறைகளின் அலமாரிகளில் புதிய அளவுக்கு வெளியே, தேய்மான வரம்புக்கு உள்ளே இருக்கும் பாகங்கள் குவிந்திருக்கும். அவர்களால் அதைப் பயன்படுத்த முடியாது, உங்களால் முடியும். நேரில் போய், மரியாதையாகக் கேட்டால் கொடுப்பார்கள். ஒரே வகை விமானம் வைத்திருப்போர் சங்கங்கள் இன்னொரு சுரங்கம். ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளின் கிடங்குகளில் பிரிக்காத பொட்டலத்தில் பேரிங்குகள், கியர்கள் கிடைக்கும். ரப்பர் சீல் மட்டும் எடுக்காதீர்கள், அது பொட்டலத்துக்குள்ளேயே கிழமாகியிருக்கும்.

புரொப்பெல்லர் தரையில் இடித்ததால் கழற்றப்பட்ட எஞ்சின்களில் சிலிண்டர், மேக்னெட்டோ, கார்புரேட்டர் நன்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கிராங்க் ஷாஃப்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். லைகமிங்கில் அப்படி இடித்த பிறகு கிராங்க் கியரையும் அதன் போல்டையும் பார்க்கச் சொல்லி 2004-இல் ஆணையே இருக்கிறது. விற்பவர் “லேசாகப் புல்லில் உரசியது” என்பார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

கிராங்க் ஷாஃப்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், செலவின் இதயம் அதுதான். பழைய கிராங்க் வாங்கும்போது மூன்று விஷயம். முதலாவது, காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று சான்று இருக்க வேண்டும், அந்தச் சோதனையை நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டறை செய்ய வேண்டும். “சோதனையில் தேறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்” என்று விற்பவர் எழுதித் தராவிட்டால் வாங்காதீர்கள். இரண்டாவது, ஜர்னல் (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) அளவு. 0.003 அல்லது 0.006 அங்குலம் குறைக்கப்பட்டிருந்தால் அதற்கேற்ற பேரிங் வாங்க வேண்டும். 0.010 குறைத்திருந்தால் மறுபடி நைட்ரைடு கடினமாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதற்கான காகிதம் எங்கே என்று கேளுங்கள். மூன்றாவது, முன்பக்கத் துளையின் உட்சுவர். நிலையான புரொப்பெல்லர் கொண்ட சில ஓ-320, ஓ-360-களில் அங்கே துருக்குழி விழுந்து விரிசலானதால் 1998-இல் ஆய்வு ஆணை வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிலிண்டரில் பூசியிருக்கும் வண்ணத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். லைகமிங்கில் ஆரஞ்சு பட்டை என்றால் உள்ளே குரோமிய முலாம், நீலம் என்றால் நைட்ரைடு, பச்சை என்றால் துளை 0.010 அங்குலம் பெரிது, மஞ்சள் என்றால் 0.020 பெரிது. குரோமியச் சிலிண்டருக்குள் குரோமிய வளையம் போடவே கூடாது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மறுபடி பெயின்ட் அடித்த சிலிண்டரில் பட்டை பொய்யும் சொல்லலாம். வண்ணத்தைப் பார்த்துவிட்டுத் துளையையும் அளந்துவிடுங்கள்.

கிராங்க்கேஸின் இரு பாதிகளும் ஜோடியாகவே பிறந்தவை. ஒரே எண் இரண்டிலும் பொறித்திருக்கும். வேறு வேறு எஞ்சின்களின் பாதிகளைச் சேர்த்து “ஒரு கேஸ்” என்று விற்பவரிடமிருந்து விலகி நடந்துவிடுங்கள்.

காகிதத்தைப் பற்றி: விற்பவர்கள் “மஞ்சள் அட்டை இருக்கிறது” என்பார்கள், பாகத்தோடு கட்டித் தரும் சான்று அட்டையைச் சொல்கிறார்கள். மஞ்சள் நிறத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அட்டையில் “ஆய்வு செய்யப்பட்டது” என்று இருக்கிறதா, “ஓவர்ஹால் செய்யப்பட்டது” என்று இருக்கிறதா, எந்த ஆவணத்தின்படி, யார், எந்தத் தேதியில் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் 8130-3 படிவம், ஐரோப்பாவில் ஈயாசா (அங்குள்ள விமானப் பாதுகாப்பு அமைப்பு) படிவம் 1 என்ற பாகச் சான்று இருந்தால் நல்லது. அதில் உள்ள எண்ணைப் பாகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள், படிவம் கொடுத்ததாகச் சொல்லும் பட்டறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யுங்கள். 2023-இல் பெரிய பயணிகள் விமானங்களின் ஜெட் எஞ்சின்களுக்கே போலிச் சான்றோடு பாகங்கள் போய்ச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. பெரிய விமான நிறுவனங்களையே ஏமாற்ற முடிந்திருக்கிறது என்றால் நம்மை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

பல எஞ்சின்களின் பாகங்கள் ஒன்றுசேரும்போது எண்கள் பொருந்தினாலும் இரண்டு இடங்களில் இடிக்கும். ஒன்று எடை. எதிரெதிர் சிலிண்டர்களின் பிஸ்டன்களும் கனெக்டிங் ராடுகளும் தத்தம் ஜோடிக்குள் அரை அவுன்ஸுக்கு மேல் வேறுபடக் கூடாது. நல்ல தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். மற்றொன்று வால்வு இடைவெளி. ஹைட்ராலிக் டாப்பெட்டில் எண்ணெய் இல்லாமல் அளக்கும்போது லைகமிங்கில் 0.028 முதல் 0.080 அங்குலம் வரை இருக்க வேண்டும். இதைத் திருகாணியால் சரிசெய்ய முடியாது, வேறு நீளப் புஷ்ராட் (டாப்பெட்டுக்கும் ராக்கருக்கும் நடுவில் இருக்கும் கம்பி) போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே தேடும்போது புஷ்ராடுகளைக் கூடுதலாகச் சேர்த்து வையுங்கள், மலிவாகத்தான் கிடைக்கும்.

கட்டும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. சிலிண்டர் விளிம்பில் நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள். பெயின்ட் நசுங்கி இறுக்கம் தளர்ந்துவிடும், பிறகு ஸ்டட் (அந்த நட்டு ஏறும் திருகுத் தண்டு) முறியும். கேஸின் இரு பாதிகளையும் இணைக்கப் பட்டு நூலும் ஒட்டுப்பசையும்தான் இன்றும் பயன்படுகின்றன. முதல் முறை அதைக் கேட்டபோது மெக்கானிக் என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன்.

இப்போதைக்கு ஏற்கெனவே வாங்கிவிட்டதாகச் சொன்ன அந்த இரண்டு சிலிண்டர்களின் அடி விளிம்பைப் பாருங்கள், உங்கள் எஞ்சினின் வரிசை எண் “ஏ”யில் முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பேசிவிடுங்கள். கிராங்க் ஷாஃப்ட் ஜர்னல் அளவுகள் கைக்கு வந்ததும் எழுதுங்கள், பேரிங் எந்த அளவில் தேட வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.